சைக்கிளில் போன ஆறு மாடி

ஆறு மாடி அலுவலகம் ஒன்றை, அதிலிருந்த நூற்றுப் பன்னிரண்டு மேசைகள், ஒரு தலைமை இயக்குநர், ஓடாத லிஃப்ட் எல்லாவற்றோடும் சேர்த்து, சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டி, பதினெட்டு கிலோமீட்டர் சரளைக்கல் ரோட்டில் கூட்டிக்கொண்டு போனவன் நான். வழியில் ஒரு மேசை கூடச் சாயவில்லை. லிஃப்ட் மட்டும் அப்போதும் ஓடவில்லை.

“ஆரம்பிச்சுட்டாரு,” என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். எழுபது வயதில் என்ன மாப்பிள்ளை என்று கேட்கக்கூடாது. நம் வீட்டில் பெண் எடுத்தவர் பல் விழுந்தாலும் மாப்பிள்ளைதான். மிதிவண்டித் தர நிர்ணய வாரியத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொன்ன ஆறு மாடி அந்த வாரியம்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் இந்தக் கதையைச் சொல்வேன். அவர் செய்தித்தாளை நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் நீவிவிட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்பார். பதினோரு வருடமாக இதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை.

“ஆபீஸ் சைக்கிள்ல போச்சாம். கேக்கறவன் கேனையனா இருந்தா...”

“நீங்க கேக்கறீங்களே மாப்ளை.”

“நான் கேக்கல. காதுல விழுது.”

தங்கை என் முன்னால் டீயை வைத்தாள். “சொல்லுண்ணே. அவரு கிடக்கட்டும்.”

சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். இதில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் எந்தப் பாதி என்று என்னைக் கேட்காமல் தள்ளாதீர்கள்.

அப்போது நான் கல்குவாரிக்கு மேலே இருக்கிற சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். காலையில் நர்ஸம்மா ஊரார் கையில் குத்தி எடுக்கிற ரத்தக் குழாய்களைப் பையில் போட்டுத் தருவார். நான் அதை நகரத்துப் பரிசோதனைக்கூடத்தில் ஒன்பதரைக்குள் சேர்க்க வேண்டும். நடுவில் ஆற்றின் மேல் ஒரு பலகைப் பாலம். அதில் மனிதன் போகலாம், சைக்கிள் போகலாம், வேறெதுவும் போகாது. பருத்த மனிதன் பக்கவாட்டில் போக வேண்டும். அதனால் எனக்கு ஒரு கிராவல் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி, மலைச் சைக்கிள் மாதிரி தடித்த டயர். இரண்டு குடும்பத்துக்கும் பிறந்த பிள்ளை. இரண்டு வீட்டிலும் பங்கு கிடையாது.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் இரும்பில், விறைப்பாக, சம்பந்தி வீட்டாரைப் போல நிற்கும். கல்லுக்கு என்ன தோன்றுகிறதோ அது நேராக என் மண்டைக்குள் வந்துவிடும். குவாரி முனையில் ‘ஆ’ என்று வாயைத் திறந்தால் அது ‘ஆ-ஆ-ஆ-ஆ’ என்று நகர எல்லை வரை போகும். கடைவாய்ப் பல்லில் அடைத்த சிமெண்ட் மூன்று முறை உதிர்ந்தது. நான்காவது முறை பல் டாக்டர், “நீங்க முதல்ல ரோட்டை மாத்திட்டு வாங்க, அப்புறம் பல்லைப் பாக்கலாம்,” என்று அனுப்பிவிட்டார்.

பல் போனால் போகட்டும். ரத்தம்தான் போகக்கூடாது. ஒருநாள் பரிசோதனைக்கூடத்து அம்மா ஒரு குழாயை ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

“இதை மெஷின்ல சுத்தினா மேல நிக்கிற தண்ணி வைக்கோல் நிறத்துல இருக்கணும். இது பாருங்க, சிவப்பு மை மாதிரி இருக்கு. நீங்க ரத்தத்தைக் கொண்டு வரலண்ணே, கடைஞ்சு கொண்டு வர்றீங்க.”

வழியில் குலுங்கிக் குலுங்கி ரத்தத்தின் அணுக்கள் உடைகின்றன. உள்ளே இருக்கிற உப்பு வெளியே வந்துவிடுகிறது. அளவு தப்பாகக் காட்டுகிறது. மறுபடி குத்தி, மறுபடி எடுத்து, மறுபடி கடைந்துகொண்டு வர வேண்டியதுதான்.

அந்தக் குழாயில் ஒட்டியிருந்த பெயர் என் தங்கையுடையது.

இதய மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த உப்பின் அளவைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். கூட்டினாலும் ஆபத்து, குறைத்தாலும் ஆபத்து. அளவு தெரியாமல் டாக்டர் எதையும் செய்யமாட்டேன் என்கிறார். பாலம் வரை நடக்கவே அவள் நெஞ்சு இடம் கொடுக்காது, அதனால் அவளை நகரத்துக்கும் கூட்டிப்போக முடியாது. ஒரு வாரத்தில் மூன்று குத்து, நான்கு குத்து. முழங்கைக்கு உள்பக்கம் நீலம் பாரித்துப் போயிற்று. மாப்பிள்ளை நகரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்; வாரக் கடைசியில் வந்து அந்தக் கையைப் பார்ப்பார், செய்தித்தாளை மடிப்பார்.

நான் சைக்கிள் கடைக்குப் போனேன். கடை வைத்திருந்த பெண்மணியை எல்லோரும் ஸ்பேனரம்மா என்பார்கள். காதில் பேனா செருகுவது போல ஸ்பேனர் செருகியிருப்பார். டயரை விரலால் சுண்டினார்.

“காத்தை இப்படி அடிச்சு வச்சிருக்கீங்களே, கல்லு மேல கல்லு உருட்டினா யாருக்குத்தான் வலிக்காது? முதல்ல காத்தைக் குறைங்க. பாதி நோவு போயிடும்.”

குறைத்தார். உண்மையாகவே பாதி போயிற்று.

“மீதிப் பாதி?”

ஸ்பேனரம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபோர்க்கை எடுத்தார். “இது அமுங்குற ஃபோர்க். ஆனா முப்பது மில்லிமீட்டர்தான், ரெண்டு விரல் அகலம். மேட்டுலேர்ந்து குதிச்சா இது காப்பாத்தாது. வண்டி ஒரு கிலோ கனக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சு எண்ணெய் மாத்தணும். நல்ல ரோட்டுல ஓட்டறவன் வாங்கினா வேஸ்ட்டுன்னு நானே சொல்லுவேன். ஆனா பொடிக்கல்லு தட்டிக்கிட்டே இருக்கும் பாருங்க, அதை முழுங்கிடும். உங்களுக்கு என்ன குதிக்கிற வேலையா? தட்டுதானே உங்க எதிரி? வச்சுப் பாருங்க, சரியில்லன்னா திருப்பிக் குடுங்க.”

இதைவிடத் தெளிவான தீர்ப்பை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் மாட்டியிருக்கலாம். ஆனால் அது அலுவலகச் சைக்கிள். அதில் மணியை மாற்றக்கூட வாரியத்தின் அனுமதி வேண்டும். ஃபோர்க்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு மாடிக்குப் போனேன்.

இரண்டாவது மாடியில் அசையாப் பிரிவு. அதிகாரி ஃபோர்க்கை ஒரு விரலால் அழுத்தினார். அது அமுங்கியது. பாம்பைத் தொட்டவர் போலக் கையை எடுத்துக்கொண்டார்.

“அசையுதே!”

“ரெண்டு விரல் அளவுதான் சார்.”

“அரை விரல் அசைஞ்சாலும் எங்களது இல்ல. நாலாவது மாடிக்குப் போங்க.”

நாலாவது மாடியில் அசையும் பிரிவு. அந்த அதிகாரி அளவுகோல் வைத்து அளந்தார்.

“முப்பதா? எங்க கையேட்டுல எண்பதுக்குக் கீழ அசைவே கிடையாது.”

“ஆனா இது அசையுதே சார்.”

“இது அசைவு இல்லைங்க. சோம்பல் முறிக்கிறது. ரெண்டாவது மாடிக்குப் போங்க.”

லிஃப்ட் ஓடாது என்று சொன்னேன் அல்லவா? இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே நான் ஏறி இறங்கிய படிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவில் போய் இறங்கி, டீ குடித்துவிட்டு வரலாம். ஏழாவது வாரம் இரண்டு அதிகாரிகளும் சந்தித்து ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். மூன்றாவது மாடியில் ‘ஓரளவு அசையும் பிரிவு’ என்று ஒன்றைப் புதிதாகத் திறந்தார்கள். அதற்கு ஓர் அதிகாரி, ஒரு மேசை. அவர் நாள் முழுக்க உட்காரலாமா, நிற்கவேண்டுமா என்று முடிவாகாததால் நாற்காலி விளிம்பிலேயே இருந்தார்.

“ஓரளவு அசையும் பிரிவுன்னு எதுவும் இருந்ததில்ல,” என்றார் மாப்பிள்ளை.

“பின்ன மூணாவது மாடியில என்ன இருந்துச்சு?”

“அது... தற்காலிக ஏற்பாடு.”

அந்த அதிகாரி நல்ல மனிதர். “சோதனை பண்ணிடலாம்,” என்றார். எனக்குச் சந்தோஷம். “எப்ப சார் ரோட்டுக்குப் போறோம்?” என்று கேட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

வாரியத்தின் முதல் விதி, சோதனை எல்லாம் அலுவலகத்துக்குள்ளேயே நடக்கவேண்டும் என்பது. முன்பொரு காலத்தில் ஓர் அதிகாரி மழையில் பிரேக்கைச் சோதிக்க வெளியே போனாராம். திரும்பி வரவே இல்லை. செத்துப்போனாரா என்று கேட்டேன். “அதைவிட மோசம். சந்தோஷமா இருக்கறதா கேள்வி,” என்றார்கள்.

ஆகவே சோதனை மூன்றாவது மாடி நடைகூடத்தில் நடந்தது. வழவழவென்று பளிங்கு போட்ட தரை. தட்டச்சுப் பெண் ஒருத்தி ஃபோர்க் மாட்டிய சைக்கிளில் பதினோரு மீட்டர் போய், மணியடித்து, பதினோரு மீட்டர் திரும்பினாள். ஃபோர்க் அசையவில்லை. ‘கருவி செயல்படவில்லை’ என்று எழுதினார்கள்.

“சார், கல்லே இல்லையே, எதுக்கு அசையும்?”

இது நியாயம் என்று பட்டது அவர்களுக்கு. அடுத்த மாதம் இரண்டு மூட்டைச் சரளை வந்தது. ஆனால் அதை அப்படியே கொட்டிவிட முடியுமா? ஒவ்வொரு கல்லும் மாதிரிக் கல்லாக இருக்கவேண்டும். சலித்தார்கள். கழுவினார்கள். அதிகாரிகள் செருப்பில்லாமல் நடந்தால் குத்தக்கூடாது என்று ஒவ்வொரு கல்லின் முனையையும் அரத்தால் ராவினார்கள். உருண்டு ஓடக்கூடாது என்று பசை போட்டு ஒட்டினார்கள். தூசி கிளம்பக்கூடாது என்று மேலே ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு, விரிப்பு அழுக்காகக்கூடாது என்று அதன் மேல் ஒரு கம்பளம் விரித்தார்கள். தட்டச்சுப் பெண் பதினோரு மீட்டர் போய் வந்தாள். ஃபோர்க் அசையவில்லை. ‘சரளையிலும் செயல்படவில்லை’ என்று எழுதினார்கள்.

காற்றைக் குறைத்ததில் பாதி நோவு போனதையும், மீதிக்குத்தான் இந்த ஃபோர்க் என்பதையும் நான் சொல்லிப் பார்த்தேன். “காத்து எங்க வாரியத்துக்குக் கீழ வராது,” என்று காதைப் பொத்திக்கொண்டார்கள்.

இதற்குள் தங்கையின் வலது கையில் குத்த இடமில்லாமல் இடது கைக்குப் போய்விட்டார்கள். நான் நேராக ஆறாவது மாடிக்கு ஏறினேன். தலைமை இயக்குநர் என்னை உட்காரச் சொன்னார். அந்த நாற்காலி போல ஒன்றில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை. உட்கார உட்கார இறங்கிக்கொண்டே போனது. என் கணக்குப்படி ஐந்தாவது மாடி வரை போயிருப்பேன்.

“அதிர்வு என்பது என்னன்னு நினைக்கிறீங்க?” என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்வதற்காக அவர் கேட்கவில்லை. “அதிர்வு, ரோடு மக்களுக்கு நேரடியாத் தர்ற தகவல். நடுவுல ஒரு ஸ்பிரிங் வந்து அதை வடிகட்டலாமா? நாளைக்கு எல்லாருக்கும் சுகமா இருந்துட்டா, ரோடு மோசம்னு யாருக்குத் தெரியும்? முப்பத்திரண்டு வருஷம் சேவை பண்ணியிருக்கேன். இதுவரைக்கும் ஒரு குலுக்கல் எனக்கு வந்து சேர்ந்ததில்ல. ஏன் தெரியுமா? எனக்குக் கீழ அஞ்சு மாடி இருக்கு. கீழேர்ந்து வர்ற எதுவா இருந்தாலும் ஒவ்வொரு மாடியா கொஞ்சம் கொஞ்சமா முழுங்கிடும். எங்கிட்ட வரும்போது ஒரு கையெழுத்துதான் மிச்சம். நானெல்லாம் ஃபோர்க் கேட்டேனா?”

“இல்ல சார். உங்களுக்கு அஞ்சு இருக்கே.”

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அதனால்தானோ என்னவோ, அடுத்த வாரமே அனுமதி வந்தது. அந்த ஃபோர்க்கின் தலையில் ஒரு சிறு திருகு உண்டு. மேட்டில் ஏறும்போது ஃபோர்க் அமுங்கிச் சக்தியை விரயமாக்காமல் இருக்க, அதைத் திருகி விறைப்பாகப் பூட்டிக்கொள்ளலாம். வாரியம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. உத்தரவு இப்படி இருந்தது:

‘மேற்படி ஃபோர்க்கைப் பொருத்திக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது. எனினும் அது எக்காலத்திலும் பூட்டிய நிலையிலேயே இருக்கவேண்டும். பூட்டின் மீது அரக்கு முத்திரை வைக்கப்படும். முத்திரையை உடைப்பவர் எவராயினும், பணியில் இருந்தாலும் ஓய்வு பெற்றிருந்தாலும், காலவரம்பின்றி விசாரிக்கப்படுவார்.’

அந்தக் கடைசி வரியை எழுதியவர் தலைமை எழுத்தர். முத்திரை வைத்தவரும் அவர்தான். மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி, நூலைச் சுற்றி, சொட்டு விட்டு, வட்ட முத்திரையை நேராக அழுத்தினார். ஒரு பிசிறு கிடையாது.

“மாப்ளை, பூட்டிட்டா இதுக்கும் பழசுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டேன் அன்றைக்கு.

“ஒரு கிலோ கூட,” என்றார் தலை நிமிராமல்.

மறுநாள் தங்கையின் ரத்தம் மறுபடி சிவப்பு மையாகப் போய்ச் சேர்ந்தது.

சொல்லும்போது இந்த இடத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஸ்பூனை மேசை விளிம்புக்கு இணையாக வைத்துக்கொண்டிருந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். அனுமதி நிரந்தரமாகவேண்டும் என்றால் உண்மையான ரோட்டில், உண்மையான ரத்தத்தோடு, ஒரு சோதனை நடக்கவேண்டும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. சோதனை அலுவலகத்துக்குள்ளேயே நடக்கவேண்டும் என்று முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டு பக்கத்தையும் ஒன்றுசேர்க்க ஆறு மாடியும் ஐந்து வாரம் யோசித்தது. கடைசியில் ஒரு மேதை கண்டுபிடித்தார்: அலுவலகம் என்பது கட்டடம் அல்ல. வட்ட முத்திரையும் வருகைப் பதிவேடும் எங்கே இருக்கின்றனவோ, அதுவே அலுவலகம். அவ்வாறே உத்தரவு பிறந்தது.

முத்திரையையும் பதிவேட்டையும், மைப்பெட்டி, அரக்குக் குச்சி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி சகிதம் ஒரு தகரப் பெட்டியில் வைத்து என் ஹேண்டில்பாரில் கட்டினார்கள். அந்தக் கணத்தில் ஆறு மாடியும் சட்டப்படி என் சைக்கிளில் ஏறிவிட்டன. அவர்களே எழுதிய உத்தரவு, நான் ஒரு எழுத்தைக் கூட்டவில்லை. அன்றைக்குக் கட்டடத்தில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் அலுவலகத்துக்கு வராதவர்களாகக் கணக்காயினர். தலைமை இயக்குநர் தம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடுப்பில் இருந்தார். ஏதோ மனுவோடு வந்தவர்களிடம் வாசல் காவலாளி, “ஆபீஸ் இப்பதாங்க கிளம்புச்சு. வேகமாப் போனா பாலத்துக்கிட்ட புடிச்சிடலாம்,” என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் ஓடியும் வந்தார்கள்.

“சைக்கிளை யாருண்ணே ஓட்டினது?” என்று கேட்டாள் தங்கை. பதினோரு வருடமாகக் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது அவள் பண்பு.

“முத்திரைக்குப் பொறுப்பானவர் முத்திரையை விட்டுப் பிரியக்கூடாதே! உன் வீட்டுக்காரர்தான்.”

“எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது,” என்றார் மாப்பிள்ளை.

“கல்யாணத்துக்கு அப்புறம் இவரு சைக்கிளைத் தொட்டே நான் பாத்ததில்லண்ணே.”

“கேட்டீங்களா மச்சான்? சாட்சி.”

நான் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தோம். சுகாதார நிலையத்து வாசலில் நர்ஸம்மா ரத்தப் பையைக் கொடுத்தார். அன்று ஒரே ஒரு குழாய்தான். பெயரைப் படித்துவிட்டு மாப்பிள்ளை அதை வாங்கித் தாமே ஹேண்டில்பாரில் தொங்கவிட்டார். பிறகு கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஏறினார். பள்ளிக்கூடத்தில் பழகியது போகுமா? நான் சுகாதார நிலையத்து ஓட்டைச் சைக்கிளில் பின்னால் போனேன்.

ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் அவர் நிற்காமல், ஓடுகிற வண்டியிலேயே பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்தின் நடுக்கத்தை வைத்து அதிர்வை அளப்பார்களாம். பின்னால் அந்தப் பதிவேட்டை நான் பார்த்தேன். முதல் கிலோமீட்டரில் கையெழுத்து நண்டு மாதிரி இருந்தது. மூன்றாவதில் நண்டை யாரோ மிதித்தது மாதிரி. ஆறாவதில் பக்கத்தில் அது இல்லவே இல்லை, தகரப் பெட்டி மேல் இருந்தது. வட்ட முத்திரை பெட்டிக்குள் குதித்துக் குதித்துத் தனக்குத்தானே நாற்பது உத்தரவுகளைப் பிறப்பித்துக்கொண்டது. அவருடைய மூக்குக்கண்ணாடி காதிலிருந்து இறங்கி, தாடையில் உட்கார்ந்து, அங்கிருந்தே வேடிக்கை பார்த்தது.

ஆறாவது கிலோமீட்டரில் பாலம். அங்கே கொஞ்சம் நின்றோம். பிறகு பன்னிரண்டு கிலோமீட்டர். ஏழாவது கல்லிலிருந்து கையெழுத்து, கல்யாணப் பதிவேட்டில் போட்டது மாதிரி நேராக இருக்கிறது.

பரிசோதனைக்கூடத்து அம்மா குழாயைச் சுற்றி எடுத்து ஜன்னலில் காட்டினார். மேலே நின்றது வைக்கோல் நிறம். “என்னண்ணே, இன்னிக்குப் பறந்து வந்தீங்களா?” என்றார். மாலைக்குள் அளவு வந்தது. டாக்டர் மாத்திரையில் பாதியைக் குறைத்தார். இன்னும் ஒரு மாதம் அதே அளவில் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொன்னதை நான் ஞாயிற்றுக்கிழமை மேசையில் சொல்வதில்லை.

அரக்கு முத்திரையை மூன்று அதிகாரிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. ஆகவே வாரியம் அறிவித்தது: ‘குறைந்த அசைவு கொண்ட ஃபோர்க் மிகவும் பயனுள்ளது, பூட்டிய நிலையில்.’ எல்லாச் சுகாதார நிலையங்களின் சைக்கிள்களுக்கும் அதை மாட்டிப் பூட்டி முத்திரை வைக்க உத்தரவு போனது. ரத்த மாதிரி சுமக்கிறவர்கள் முட்டாள்களா? முதல் வளைவு தாண்டியதும் உடைத்தெறிந்தார்கள். எங்கள் பாலத்துக்கு அடியில் அரக்கு விழுந்து விழுந்து ஆறே ஒரு மாதம் சிவப்பாக ஓடியது. வாரியம் தண்ணீரைச் சோதிக்க ஒரு குழு போட்டது. அது கிடக்கட்டும்.

“எனக்கு ஒண்ணுதாண்ணே புரியறதில்ல,” என்றாள் தங்கை. “பூட்டியே இருந்தா அன்னிக்கு மட்டும் எப்படி நல்லபடியா போச்சு?”

வழக்கமாக இந்தக் கேள்விக்கு நான், “அதான் எனக்கும் தெரியல,” என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். மாப்பிள்ளையும் அதோடு நிம்மதியாகச் செய்தித்தாளைப் பிரிப்பார். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை எனக்குள் ஏதோ குறும்பு புகுந்துகொண்டது. எழுபத்து நான்கு வயதாகிறது. இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை? இதுவரை சொன்னதில் பொய் கொஞ்சம்தான். அடுத்ததாக நான் சொன்னது சுத்தமான, முழுமையான, ஒரு துளி உண்மை கலக்காத பொய்.

“இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? நான்தாம்மா உடைச்சேன்.”

செய்தித்தாள் பாதி மடிப்பில் நின்றது.

“பாலத்துல நின்னோம்ல? உன் வீட்டுக்காரரு, ‘மச்சான் வேணாம், விதி, விதி’ன்னு என் காலைப் புடிச்சுக்கிட்டு அழறாரு. நான் கேக்கலையே! ‘விதியாவது மண்ணாவது, என் தங்கச்சி கையைப் பாத்தியா’ன்னு ஒரே உதறு. இவரு அந்தப் பக்கம் விழுந்தாரு. முத்திரையை என் கடைவாய்ப் பல்லால ஒரே கடி...”

“எந்தக் கடைவாய்ப் பல்லு?” என்றார் மாப்பிள்ளை. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

“அந்தப் பல்லுதான்.”

“அதுதான் அப்பவே உதிர்ந்து போச்சேய்யா!”

“பக்கத்துப் பல்லுன்னு வச்சுக்குங்க. திருகைத் திறந்தேன். இவரு ஓரமா நின்னு நடுங்கிக்கிட்டு...”

“மச்சான்!” மாப்பிள்ளை எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவர் வீட்டில் ஒரு நாற்காலி சாய்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. “நீங்க பாலத்துல இருந்தீங்களா? நீங்க தண்ணி புடிக்கக் கீழ ஆத்துக்குப் போயிருந்தீங்க! பாட்டிலைக் குடுத்து உங்களை அனுப்பினதே நான்! இவரு உதறினாராம், நான் விழுந்தேனாம்! பேனாக்கத்தியால ஒரு நெம்பு. நூல் அறுந்துச்சு. திருகைத் திறந்தேன். லேபுக்குப் பின்னால வந்ததும் மறுபடி பூட்டி, மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அரக்கு விட்டு, முத்திரை வச்சேன். நேரா வச்சேன். மூணு பேரு லென்ஸு வச்சுப் பாத்தும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி வச்சேன். பல்லால கடிச்சாராம் பல்லால!”

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துவிடுவேனோ என்று பயம்.

தங்கை அவரையே பார்த்தாள். பிறகு அறியாமலே தன் இடது முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

“முத்திரையை நீங்களா உடைச்சீங்க?”

அவர் நாற்காலியை நிமிர்த்தி, அதைத் தரைக் கல்லின் கோட்டுக்கு நேராக நகர்த்தி வைத்து, உட்கார்ந்தார்.

“கண்ணு முன்னாடியே உன் பேரு தொங்கிக்கிட்டிருந்துச்சு,” என்றார். “ஒவ்வொரு கல்லுக்கும் அது குலுங்குது. நான் வச்ச முத்திரை மட்டும் அசையாம உக்காந்திருக்கு.”

“பதினோரு வருஷமா ஏங்க சொல்லல?”

“காலவரம்பின்றின்னு எழுதினது யாரு? நான்தானே. அந்த ஃபைலை இன்னும் மூடல.”

“அப்ப ஆபீஸ் சைக்கிள்ல போனது நெசமா?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். செய்தித்தாளை எடுத்து, இந்தத் தடவை மடிக்காமல், அப்படியே ஓரமாக வைத்தார்.

“போச்சு,” என்றார். “ஆறு மாடியும் போச்சு. பாலம் வரைக்கும் உசிரு போய் உசிரு வந்துச்சு. அதுக்கப்புறம் பன்னெண்டு கிலோமீட்டர், சும்மா படகு மாதிரி போச்சு.”